அப்பா ஏலம் விட்ட சிரிப்பு

முத்தியால்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சத்யப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம், சண்டிகர் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்ததும் தலைக்கு ஊற்றாதே. நான் அனுப்பிய கருவாட்டுப் பொட்டலத்துக்குப் பக்கத்து அறைப் பெண்கள் மூக்கைப் பொத்தினால் சன்னலுக்கு வெளியே கட்டித் தொங்கவிடு, தூக்கி எறிந்துவிடாதே. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய், கடைசியில் தெரியும்.

இங்கே மூன்று நாள் நகைச்சுவைத் திருவிழா நடந்தது. வெளியூர்க் கலைஞர்களோடு உள்ளூர்க்காரர்களுக்கும் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று அறிவித்ததும், துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிற உன் அப்பா பெயர் கொடுத்துவிட்டார். ஒரு மாதம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தார். "இது சிரிப்பா இருக்குதா?" என்று கேட்பார், நான் "நல்லா இருக்குது" என்பேன். "வாயி சொல்லுது, பல்லு தெரியலயே" என்பார். என் கூச்சம்தான் உனக்குத் தெரியுமே, என் பட்டமளிப்பு விழாவில் சிரிக்கச் சொல்லிச் சொல்லிப் போட்டோக்காரருக்கே அலுத்துப்போனது. "சிரிப்பு வரலைன்னா இனிமே மீன்கிட்டயே பேசிக்கிறேன், மனுசங்ககிட்ட வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் மேடையேறினார்.

உன் அத்தை அன்புசெல்வி வேன் வைத்து வீராம்பட்டினத்து உறவு முப்பது பேரை அழைத்துவந்து முன்வரிசைகளை நிரப்பிவிட்டாள். முதலில் சென்னையிலிருந்து வந்த எழிலரசன் என்பவர், "உங்க ஊரு பிரெஞ்சுத் தெருவுல எந்த மஞ்சச் செவுத்துல சாயப் போனாலும் எனக்கு முன்னாடி ஒரு கல்யாணப் பொண்ணு போட்டோவுக்கு சாஞ்சிகினு நிக்குது" என்றார், நம் ஆட்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். அடுத்து அப்பா. எடுத்த எடுப்பில் என்னைப் பற்றியே ஆரம்பித்துவிட்டார், வீட்டில் இதை ஒருநாளும் சொல்லிப் பார்க்கவில்லை. "எங்க வூட்டுக்காரி, இடுப்புல கொழந்தைய வச்சிகினு தபால்ல படிச்சி பட்டம் வாங்குச்சி, எங்க ரெண்டு குடும்பத்துலயும் மொத டிகிரி, ஆபீசுல கிளார்க்கு. இருபத்திமூணு வருசத்துல ஒரு தடவ சண்ட போட்டதில்ல. பிரிட்ஜு மேல சீட்டு ஒட்டிடும். பொருள்: ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுதல். பார்வை: எனது நேற்றைய சீட்டு."

ஒருவரும் சிரிக்கவில்லை. நம் சனத்தில், சபையில் ஒருவர் மனைவியைக் கேலி செய்தால் அவள் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரிப்பார்கள், முந்திக்கொண்டால் அவளை அவமதித்ததாகிவிடும். முப்பது பேரும் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் வழக்கம்போல முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், உள்ளே சிரிப்பு முட்டுகிறது, பார்ப்பவர்களுக்கு அழுகிற மாதிரி இருந்திருக்கும். முன்வரிசை கம்மென்று இருந்ததால் பின்னால் இருந்தவர்களும் தயங்கினார்கள். "கோவமா அண்ணி? நீ சிரிச்சாத்தான் நாங்க சிரிக்க முடியும், அண்ணன் மானத்த வாங்காத" என்று அத்தை என் தொடையைக் கிள்ளினாள். அப்பா அடுத்தடுத்துச் சொன்னவையும் எடுபடவில்லை, நெற்றியைத் துடைத்தார். இன்னும் ஒரு நிமிடம்தான் என்று சிவப்பு விளக்கு எரிந்தது. சட்டென்று துறைமுகத்துக் குரலை எடுத்தார். "மொத சிரிப்ப யாராச்சும் கேளுங்கப்பா! ஒரு தரம்... ரெண்டு தரம்..." கண் என் மேலேயே இருந்தது. மூன்றாவது தரம் சொல்வதற்குள் முந்தானையை விட்டுவிட்டேன். அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. "அண்ணி சிரிச்சிட்டாங்க!" என்று அத்தை கத்த, முப்பது பேரும் ஒரேயடியாகச் சிரிக்க, பிறகு அரங்கமே சிரித்தது. மீதி நேரம் அப்பா வாயைத் திறந்தாலே சிரிப்புதான். எழிலரசன் ஓரத்தில் நின்று கைதட்டினார்.

விடிந்து பார்த்தால் பிரிட்ஜ் மேல் ஒரு சீட்டு, அப்பாவின் கோணல் கையெழுத்தில். "பொருள்: மனைவி வாய்விட்டுச் சிரித்தது. பார்வை: நேரில் பார்த்தது. இனிமேல் துண்டு கொடியில்தான் காயும். நகல்: மகள், சண்டிகர்." அந்த நகலை உனக்கு அனுப்பத்தான் இந்தக் கடிதம், பத்திரமாக வைத்துக்கொள்.

காதுக்குக் குல்லா போட மறக்காதே. சிரிக்கும்போது வாயைக் கையால் மூடுகிற பழக்கம் உனக்கும் உண்டு, அதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே. செங்கழுநீர் அம்மன் உன்னைக் கண்போலக் காப்பாள். துண்டு இன்று காலையும் கட்டில்மேல்தான் கிடந்தது. நான் சீட்டு எழுதவில்லை.

என்றும் உன் நினைவாக,
அம்மா செந்தமிழ்ச்செல்வி