திருப்பிப் பார்க்காத காசு

என் பிரியத்துக்குரிய பிலோமி மைனிக்கு,

உங்களுக்கு ஒரு தபால் வந்திருக்கிறது. உங்கள் முப்பதாம் நாள் நினைவுப் பூசைக்கு முந்தின நாள் காலையில், பின்லாந்திலிருந்து, உங்கள் பெயர் போட்டு வந்தது. அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். இருபது வருடம் கப்பலில் சுற்றியவனுக்கு ஓர் உறையைப் பிரிக்க மனசு வரவில்லை. "இது நீயும் அவளும் வெளையாடுத வெளையாட்டு. நீயே பிரி ஏளா" என்று என்னிடம் கொடுத்துவிட்டான்.

உள்ளே இரண்டு அட்டைத்துண்டுகள், நடுவில் ஒட்டுத்தாளில் மூன்று காசுகள். வனுவாட்டு தீவுக் காசுகள். மூன்றிலும் சங்கு. நீங்கள் இரண்டு வருடமாகத் தேடிய அதே மூன்று. கூடவே ஒரு சின்னக் கடிதம்: பேசியபடி என் பங்கை அனுப்பிவிட்டேன், உங்கள் சதுரக் காசுக்காகக் காத்திருக்கிறேன், நலம்தானே என்று.

சதுரக் காசு. நம்மிடம் சதுரமாக இருந்தது ஒன்றே ஒன்றுதானே, மைனி?

நாம் எப்படித் தொடங்கினோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவை கப்பல் விட்டு இறங்கும்போதும் அண்ணன் சட்டைப்பையில் மிஞ்சிய சில்லறையைப் பழைய ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பாயில் கொட்டினோம். நான் துறைமுகத்தில், கப்பல் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தருகிற கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்ப்பதால் எந்தக் காசு எந்த நாடு என்று சொன்னேன். நீங்கள் பிரித்துப் பிரித்து அடுக்கினீர்கள். அதற்கப்புறம்தான், நாணயம் சேர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் அந்த இணையதளத்தில் நம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கணக்கைத் தொடங்கினேன்.

அங்கே ஆளுக்கு இரண்டு பட்டியல். தரக்கூடியவை ஒன்று, வேண்டியவை ஒன்று. நம்மிடம் இருந்ததெல்லாம் சிங்கப்பூர் சென்ட்டும் துபாய் திர்ஹமும். அவை எல்லாரிடமும் இருந்தன. நமக்கு வேண்டியதை வைத்திருந்தவருக்கு நம்முடையது வேண்டாம். நம்முடையது வேண்டும் என்று வந்தவரிடம் நமக்கு வேண்டியது இல்லை. "பொண்ணு பாக்க போற கததான் ஏளா இது. அவனுக்குப் பிடிச்சா இவளுக்குப் பிடிக்கல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

உங்கள் அப்பா சங்கு குளித்தவர். என் அப்பா தோணியில் கொழும்புக்குப் போய் வந்தவர். அதனால் உங்களுக்குச் சங்கும் சிப்பியும் போட்ட காசு வேண்டும், எனக்குப் பாய்மரம் போட்டது வேண்டும். உங்கள் ஆசை பத்து, என் ஆசை பத்து என்று நானே உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். பகலில் எனக்கு ஆபீஸ். அதனால் சமையல் முடித்ததும் கைப்பேசியில் அதைப் பார்த்துக்கொள்கிற வேலை உங்களுடையது என்று ஆயிற்று.

அன்றைக்கு என் அப்பாவின் காசையும் ஆல்பத்தில் வைத்தோம். இலங்கையின் ஐந்து சதம், சதுரமாக, ஒரு பக்கம் ராஜா தலை. முதல் தடவை கொழும்பில் டீ குடித்தபோது, எந்தக் கடையிலும் வாங்காத அந்தப் பழைய காசை மிச்சச் சில்லறையோடு சேர்த்து அப்பா தலையில் கட்டிவிட்டார்கள். ஏமாந்த காசு என்றே பெயர் வைத்து அதை இடுப்பு பெல்ட்டில் கடைசிவரை வைத்திருந்தார். எந்தக் காசையும் திருப்பிப் பார்த்து வாங்கு என்று எனக்குச் சொல்வதற்கு அதைத்தான் எடுத்துக் காட்டுவார். அதைப் பட்டியலில் சேர்க்கட்டுமா என்று நான் விளையாட்டுக்குக் கேட்டபோது உங்கள் முகம் மாறிவிட்டது. "அது மாமா காசு. அதக் கொடுத்தா கை வெந்து போவும்" என்றீர்கள். நான் அதை நம்பினேன்.

தபாலைப் பார்த்த பிறகு முதலில் ஆல்பத்தைத்தான் எடுத்தேன். அப்பா காசு அதன் உறையில் இருந்தது. ராஜா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பின்லாந்துக்காரர் யாரையோ நினைத்து எழுதிவிட்டார் என்று மூச்சு விட்டேன். மூடப்போகும்போதுதான், கை தானாக அந்தக் காசை வெளியே எடுத்துத் திருப்பியது.

பின்பக்கம் இரண்டணா என்றிருந்தது. நம் ஊர் பழைய காசு. அதுவும் சதுரம், அதுவும் அதே ராஜா தலை.

ஒரு காசை எடுத்துக் கொடுப்பது வேறு, மைனி. அந்த இடத்தில் அதே மாதிரி இன்னொன்றைத் தேடிப்பிடித்து, தலை மேலே இருக்கும்படி செருகி வைப்பது வேறு. எங்கே வாங்கினீர்கள் அந்த இரண்டணாவை? அதை உறைக்குள் தள்ளும்போது நான் எந்த அறையில் இருந்தேன்?

பிறகு கணக்கைத் திறந்தேன். நம் வேண்டியவை பட்டியலில் பத்துதான் இருந்தன. பத்தும் சங்கு, சிப்பி. என் பாய்மரங்களை நீங்கள் எப்போதோ எடுத்துவிட்டிருக்கிறீர்கள். "ஒனக்கு இன்னும் யாரும் வரலயே ஏளா" என்று ஒவ்வொரு மாதமும் வருத்தமாகச் சொல்வீர்களே. இல்லாத ஆசைக்கு யார் வருவார்கள்?

பின்லாந்துக்காரரோடு நீங்கள் பேசியதையும் அதில் படித்தேன். நல்ல மனிதர். இந்தக் கணக்கில் இரண்டு பேர் இருப்பதைப் பார்த்துவிட்டு, உங்கள் கூட்டாளிக்கும் இதில் சம்மதமா என்று கேட்டிருக்கிறார். நீங்கள் பதில் எழுதியிருக்கிறீர்கள்: சம்மதம், யோசனையே அவளுடையதுதான்.

அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. என் ஆசையை அழித்தீர்கள், அதைப் பொறுத்துக்கொள்வேன். என் அப்பா காசை எடுத்தீர்கள், அதையும் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். என் வாயால் நான் சொல்லாததை நான் சொன்னதாக எழுதிவிட்டீர்களே.

காசு பின்லாந்துக்குப் போகவில்லை. அண்ணன் உங்கள் ஆஸ்பத்திரிப் பையை அப்போதுதான் பிரித்தான். சேலைக்கும் ஜெபமாலைக்கும் அடியில் ஓர் உறை. அவருடைய முகவரி உங்கள் கையெழுத்தில். உள்ளே அட்டைகளுக்கு நடுவே அப்பாவின் ஐந்து சதம். தபால்தலை மட்டும் ஒட்டவில்லை.

உங்களுக்கு நினைவிருக்குமா? ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள், நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது, "ஏளா, போஸ்டாபீஸ் பக்கம் போவியா?" என்று கேட்டீர்கள். எதுக்கு மைனி என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தீர்கள். "ஒண்ணுமில்ல, நீ போ" என்றீர்கள். என் காசை என் கையாலேயே அனுப்பச் சொல்ல இருந்தீர்களா? இல்லை, உறையை என்னிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொல்ல இருந்தீர்களா? இரண்டில் ஒன்று தெரிந்தால்கூட எனக்குத் தூக்கம் வரும். பஸ் வந்துவிட்டது என்று நான் ஓடிவிட்டேன். அன்று சாயங்காலம் உங்களுக்குப் பேச்சு நின்றுவிட்டது.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வெகுநேரம் அந்த இரண்டணாவை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு, "அவ இருந்தா நீ நல்லா சண்ட போடலாம். இல்லாதவகிட்ட என்னன்னு சண்ட போடுவ?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. அதையும் உங்களிடம்தான் சொல்கிறேன்.

என்னை இன்னொன்றும் அறுக்கிறது. நீங்கள் காசை மாற்றி வைத்த பிறகும் ஆல்பத்தில் அந்தப் பக்கத்தைப் பலதடவை புரட்டியிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்த சித்தியிடம், இது எங்க அப்பா காசு என்று உங்கள் எதிரிலேயே காட்டினேன். ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. அப்போது நீங்கள் காபி கலக்க எழுந்து போனீர்கள். அப்பா சொன்ன ஒரே ஒரு பாடம் அது. உங்களிடம் அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அண்ணன் மூன்று சங்குக் காசுகளையும் திருப்பி அனுப்பிவிடலாம் என்றான். எனக்கும் முதலில் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் அவர் நம்பி அனுப்பியிருக்கிறார். அவருக்கு வாக்குக் கொடுத்தது நீங்கள் மட்டும் இல்லை, அந்தக் கணக்கில் என் பெயரும் இருக்கிறது. அப்பா காசைக் கொடுக்கவும் மாட்டேன்.

போன வாரம் பழைய துறைமுகத்துக்குப் போனேன். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த தோணியின் தண்டல் அண்ணாச்சி அப்பாவோடு தோணியில் போய் வந்தவர். தோணிக்கு இப்போது அவர்தான் தலைவர். அப்பாவின் காசைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கா இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அங்கன பழைய காசு விக்கிறவன் டப்பாவுல இது அள்ளுத மாதிரி கெடக்கும். ரெண்டு எடுத்துட்டு வாரேன்" என்றார்.

அவ்வளவுதான், மைனி. அள்ளுகிற மாதிரிக் கிடக்கிறது. பின்லாந்துக்காரருக்கு வேண்டியது இந்த மாதிரி ஒன்று, எங்க அப்பா வைத்திருந்ததே அல்ல. நீங்கள் என்னிடம் கேட்டிருந்தால், அப்பா காசைத் தரமாட்டேன் என்று சண்டை போட்டிருப்பேன். மறுநாளே தோணிக்குப் போயும் சொல்லியிருப்பேன். நான் மறுப்பேன் என்பது வரைக்கும் என்னைத் தெரிந்து வைத்திருந்தீர்கள். அதற்கு அப்புறம் நான் என்ன செய்வேன் என்று தெரியாமலா இத்தனை வருடம் ஒரே அடுக்களையில் நின்றோம்?

பின்லாந்துக்காரருக்கு எழுதிவிட்டேன். பிலோமினா இறந்துவிட்டார், அந்த யோசனை என்னுடையது அல்ல, ஆனால் காசு வரும், கொஞ்சம் பொறுங்கள் என்று. நடு வரியை எழுதிவிட்டு இரண்டு தடவை அழித்தேன். மூன்றாம் தடவை அப்படியே அனுப்பிவிட்டேன்.

என் பாய்மரங்கள் பத்தையும் மறுபடி பட்டியலில் சேர்த்துவிட்டேன். உங்கள் சங்குகளை எடுக்கவில்லை. அவை மேலேயே இருக்கின்றன.

தோணி திரும்பியதும் பின்லாந்துக்காரர் காசு அவருக்குப் போகும். அதுவரை உங்கள் மூன்று சங்கும் அந்த அட்டைக்குள்ளேயே இருக்கும். போனபின் ஆல்பத்தில் உங்கள் பக்கத்தில் வைப்பேன், இது சத்தியம். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோடு வருவேன், இதுவும் சத்தியம். மன்னிப்போடு வருவேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அந்த இரண்டணாவைக் கொண்டு வருவேன். உங்கள் பெயர் பொறித்த கல்லின்மேல், பின்பக்கம் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

நீங்கள் கேட்டிருந்தால் சண்டை போட்டுவிட்டாவது தேடித் தந்திருக்கும்,
உங்கள் நாத்தனார்
ரெஜினா