உங்கள் குதிகாலில் இருந்த கறுப்பு

அண்ணி,

இன்று காலை அனந்தபுரத்திலிருந்து வந்த பஸ்ஸில் அண்ணன் ஒரு மூட்டை பச்சை மல்லாட்டை போட்டு அனுப்பியிருந்தார். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து வாயைப் பிரித்ததும் ஈரச் செம்மண் வாசனை வீடு முழுக்கப் பரவிவிட்டது. நீங்கள் போன பிறகு உங்கள் கொல்லி நிலத்திலிருந்து வந்திருக்கும் முதல் மூட்டை. கடலையைக் கொட்டி உலர்த்த மனம் வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாசனையோடு உங்கள் பாதமும் நினைவுக்கு வந்தது. மல்லாட்டை பிடுங்கும் நாட்களில் நானும் ஊருக்கு வந்துவிடுவேன். வரப்பில் உட்கார்ந்து நீங்கள் காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடும்போதுதான் பார்த்தேன். இடது குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்பு.

"இன்னா அண்ணி இது?"

"கால் ஆணிம்மா. வெறுங்காலோட நடந்துக்கினே இருந்தா வராம இன்னா பண்ணும்? உங்கண்ணன்தான் இதுக்கு டாக்டரு."

அது வேடிக்கைப் பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வெந்நீர் வைத்து உங்கள் காலை ஊறவைப்பார். பிறகு காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, புது பிளேடால் தடித்த தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிவிடுவார். உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். "வுடுங்க, யாராச்சும் பாத்தா சிரிக்கப் போறாங்க" என்பீர்கள். "சிரிச்சா சிரிக்கட்டும். நீதானே நொண்டிக்கினு நடக்கிற" என்பார் அவர், தலையைத் தூக்காமல். அந்தக் காட்சியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். என் வீட்டில் யாரும் என் காலை அப்படித் தொட்டதில்லை.

ஆனால் அந்தக் கறுப்பு குறையவில்லை. தாளில் சிந்திய மை போல ஓரங்களில் பரவியது. பிறகு நீர் கசிந்தது. வளவனூரில் உங்கள் பேத்தியின் காதுகுத்துக்கு வந்தபோது நீங்கள் குதிகாலை ஊன்றாமல் நடந்ததைப் பார்த்துவிட்டு, மறுவாரமே திண்டிவனத்தில் தோல் டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். அவர் விளக்கு வைத்த லென்ஸால் நெடுநேரம் பார்த்தார். சின்னத் துண்டு ஒன்றை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்த அன்று மூவரும் போனோம். டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே அண்ணன் எழுந்துவிட்டார்.

"டாக்டரம்மா, அவள வெளிய உக்கார வெச்சிட்டு எங்கிட்ட சொல்லுங்க."

நீங்கள் நாற்காலியை விட்டு அசையவில்லை. "காலு என்னுது. எங்கிட்டதான் சொல்லணும்" என்றீர்கள்.

டாக்டரம்மாவும் உங்களைப் பார்த்தே சொன்னார். "இது தோல்ல வர்ற புற்றுநோய்ம்மா. மெலனோமான்னு சொல்வாங்க. தோலுக்கு நிறம் குடுக்கிற செல்லுலயே ஆரம்பிக்கிறது."

"தோல்லகூட கேன்சரு வருமா? வெள்ளத்தோலுக்காரங்களுக்கு வெயில்ல வரும்னு டிவில சொன்னாங்களே. நான் இந்தக் கறுப்பு."

"அவங்களுக்குத்தான் அதிகம். நம்ம நிறத்துக்கு இந்த வகை வந்தா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியிலதான் வரும். அதுக்கும் வெயிலுக்கும் சம்பந்தம் இல்ல. கால் ஆணின்னு நினைச்சு விட்டுடுவாங்க."

கால் ஆணி என்ற வார்த்தை வந்ததும் அண்ணன் தன் கைகளைப் பார்த்தார். அதை நீங்களும் கவனித்தீர்கள், நானும் கவனித்தேன்.

பிறகு பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்தார்கள். தொடை இடுக்கில் ஒரு நெறிக்கட்டியிலும் நோய் இருந்தது. "முட்டிக்குக் கீழ காலையே எடுத்துடுங்க சார். உசுரு இருந்தா போதும், நான் தூக்கிக்கினு திரியறேன்" என்று அண்ணன் அங்கிருந்த டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். காலை எடுப்பதால் ஆயுள் கூடாது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். கறுப்பையும் சுற்றியுள்ள நல்ல சதையில் கொஞ்சத்தையும் எடுத்தால் போதும், அந்த இடத்தில் தொடைத் தோலை வைத்து மூடிவிடலாம், நெறிக்கட்டிகளையும் எடுத்துவிடலாம் என்றார். அதன் பிறகு ஊசி மருந்து. சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்குக் கேட்காது, முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அந்த ஊசியைப் பற்றி நீங்கள் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, திரும்பும் வழியில் பஸ்ஸில் எனக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"நம்ம உடம்புலயே ஒரு காவக்காரன் இருக்கான். திருடன் பக்கத்துலயே இருந்தும் அவன் தூங்கிக்கினு இருக்கான். இந்த ஊசி திருடனை அடிக்காதாம், காவக்காரனை எழுப்புமாம். சில நேரத்துல அவன் எழுந்து வூட்டுக்காரனையே அடிச்சாலும் அடிப்பானாம். அதனால ஜாக்கிரதையா பாத்துக்கணும்னு சொல்றாரு."

ஆபரேஷன் முடிந்து புண் ஆறியது. ஊசி போட ஆரம்பித்தார்கள். நீங்கள் தேறிவந்தீர்கள். ஆனால் அண்ணன் தேறவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை. முகத்தில் தாடி மண்டியது. ஏன் சவரம் செய்வதில்லை என்று யாரும் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒருநாள் ஊசிக்குப் போனபோது அண்ணனை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனீர்கள்.

"சார், அவரு வாராவாரம் பிளேடால சீவி வுட்டாரு. அதனாலதான் பரவிச்சா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சீவினதாலதான் பரவிச்சுன்னு சொல்ல முடியாதும்மா. இங்க காட்ட லேட் ஆயிடுச்சு. அதுதான் விஷயம்."

"லேட்டு நான் பண்ணது சார். அவரு வந்ததும் நான் புதுசா கேக்கிற மாதிரி மறுபடி கேக்கறேன். சீவினதால இல்லன்னு மட்டும் சொல்லுங்க. லேட்டுங்கறத வுட்டுடுங்க. எனக்கு ஊசி குடுத்துட்டீங்க. அவருக்குக் குடுக்க உங்ககிட்ட இது ஒண்ணுதான் இருக்கு."

அண்ணன் மருந்துப் பையோடு வந்து நின்றார். நீங்கள் கேட்டீர்கள். டாக்டர் ஒருகணம் என்னைப் பார்த்துவிட்டு, "சீவினதால பரவலம்மா. அவர் மேல எந்தத் தப்பும் இல்ல" என்றார். "நெஜமாவா சார்?" என்றார் அண்ணன். வெளியே வந்து வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுதார். நீங்கள் போய்த் தொடவில்லை. "அழுவட்டும் வுடு" என்றீர்கள். மறுவாரம் அவர் தாடியை எடுத்திருந்தார்.

ஒரு போகம் முழுக்க நீங்கள் கொல்லிக்குப் போனீர்கள், மெத்து வைத்த செருப்போடு. அடுத்த போகத்தில் மூச்சு வாங்கியது. நுரையீரலுக்குப் போய்விட்டது என்றது ஸ்கேன். வேறு மாத்திரை ஒத்துவருமா என்று பார்க்கச் செய்த மரபணுப் பரிசோதனையும் கைவிட்டது. இன்னொரு மருந்து கொடுத்துப் பார்க்கலாம், பெரிய பலன் இருக்காது என்றார் டாக்டர். நீங்கள் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள். வலிக்கு மருந்து மட்டும் வாங்கிக்கொண்டோம். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து, "காவக்காரன் நல்லாத்தான் எழுந்தான். மறுபடி தூங்கிட்டான், இன்னா பண்றது" என்றீர்கள்.

வளவனூரிலிருந்து உங்கள் மகள் வந்து கடைசிவரை கூட இருந்தாள். அவள் கஞ்சி ஆற்றப் போயிருந்த ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்தீர்கள். "அவரு மறுபடி கேப்பாரு. நான் இருக்க மாட்டேன். நீ சொல்லு." அவ்வளவுதான் சொன்னீர்கள்.

கேட்கிறார் அண்ணி. ஊருக்குப் போகும்போதெல்லாம் ஏதாவது பேச்சுக்கு நடுவில் கேட்கிறார். சொல்கிறேன், தலையாட்டுகிறார். ஆனால் போனமுறை வேறு மாதிரி கேட்டார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "பாப்பா, அன்னிக்கு அந்த டாக்டரு அவராத்தான் சொன்னாரா? இல்ல உங்க அண்ணி சொல்லச் சொன்னாளா?" என்றார்.

பிளேடு பரப்பவில்லை என்று டாக்டர் சொன்னதை நம்புகிறேன். ஆனால் வாராவாரம் சீவித் தட்டையாக்கியதால்தான் அது ஆணி மாதிரியே தெரிந்து, அத்தனை நாள் யாருக்கும் சந்தேகம் வராமல் போனதோ என்றும் எனக்குத் தோன்றாமல் இல்லை. உங்களுக்கும் அது தோன்றியிருக்கும். தோன்றியதால்தான் அண்ணன் வருவதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்டீர்கள்.

"அவராத்தாண்ணே சொன்னாரு. நான் பக்கத்துலதானே இருந்தேன்" என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அடுத்தமுறையும் கேட்பார். நானும் அதையேதான் சொல்லுவேன், அண்ணி.