அக்கரைக்கு ஒரு நடை

சிர்தாக்
பிப்ரவரி முதல் வாரம்

அன்புத் தம்பி நியூர்குனுக்கு,

அக்கா மத்ரியோனா எழுதுகிறேன். நானும் மகன் கெஸ்கிலும் உயிரோடு இருக்கிறோம், பசுக்களும் இருக்கின்றன. இதற்கு மேல் நலம் என்று எழுத மனம் வரவில்லை. போனில் பேசினால் அடுத்த அறையிலிருக்கும் உன் மருமகன் காதில் விழும். அதனால் தபால் வண்டி ஓட்டும் ஸ்பிரிதோனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன ஏப்ரலில் உன் அத்தானோடு ஆற்றில் மூழ்கிய லாரியைக் கெஸ்கில் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். அத்தானை மறுநாளே எடுத்துக் கொடுத்தார்கள். லாரி அடியிலேயே கிடந்தது. இந்தக் குளிர்காலத்தில் ஆறு இறுகியதும் இவனும் நாலைந்து பையன்களும் பனிக்கட்டியை அறுத்து, மேலே மரம் நாட்டி, இரும்புக் கயிறு கட்டித் தூக்கிவிட்டார்கள். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. நான் மாட்டுத் தொழுவத்தை விட்டு வெளியே வரவில்லை.

அந்தப் பழைய இராணுவ லாரியின் உருவம் உனக்குத் தெரியும். ஆறு சக்கரமும் என் மார்பு உயரம். அதை உள்ளே விடுவதற்காகக் கொட்டகையின் முன்சுவரையே பிரித்து முன்னால் இழுத்துக் கட்டினான். மாடுகளுக்கென்று அடுக்கி வைத்திருந்த விறகெல்லாம் இப்போது லாரிக்குக் குளிர் காயத்தான் எரிகிறது. வண்டியின் கூண்டிலிருந்து வாளி வாளியாகச் சேறு வந்தது. சேற்றோடு அத்தானுடைய கையுறை ஒன்றும் வந்தது. துவைத்து அடுப்புக்கு மேலே காயப்போட்டேன். வேறு என்ன செய்வது?

விஷயத்துக்கு வருகிறேன். பழைய பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் எஞ்சின் ஒன்றை மாட்டப் போகிறான். அதைப் பழைய கியர்பாக்ஸோடு இணைக்க ஒரு வார்ப்பிரும்புத் தட்டு வேண்டுமாம். அளவெல்லாம் வரைந்து உனக்கு அனுப்பியிருப்பான். உன் பட்டறை லேத்தில்தான் அதைக் கடைய முடியும் என்கிறான்.

கடையாதே. லேத் பழுதாகிவிட்டது என்று சொல். இரும்பு கிடைக்கவில்லை என்று சொல். எதையாவது சொல்லிக் காலத்தைக் கடத்து. ஏப்ரல் நடுவில், உறைந்த ஆற்றின் மேல் போகும் பாதையை மூடிவிடுவார்கள், பிறகு அடுத்த குளிர்காலம் வரை எனக்கு நிம்மதி.

ஐஸ் மேல் போகும்போது இரண்டு கதவையும் திறந்து கயிற்றால் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? அன்றைக்கு அத்தான் பக்கத்துக் கயிறு குளிரில் அறுந்துவிட்டது. இவன் வேறு கயிறு தேடக் கிளம்பியிருக்கிறான். அவரோ, "அக்கரை கண்ணுக்குத் தெரியுதுடா, மூடிக்கிட்டே போயிரலாம்" என்றாராம். மகன் திறந்த கதவு வழியாக வெளியே விழுந்தான். அவருடைய கதவைத் தண்ணீர் திறக்க விடவில்லை.

நான் அழுதால், "லாரி என்னம்மா பண்ணும், பாவம்? மூடின கதவுதானே கொன்னுச்சு" என்கிறான். இவனோடு நான் எப்படிப் பேசுவது? நீ தாய்மாமன். உன் பேச்சை நம்புவான். அதனால்தான் உன்னைப் பொய் சொல்லச் சொல்கிறேன்.

உன் அக்கா
மத்ரியோனா


சிர்தாக்
மார்ச் தொடக்கம்

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்ன பொய் நன்றாகவே வேலை செய்தது. "மாமா லேத்து படுத்துருச்சாம்மா, பாகம் வெளியூர்ல இருந்து வரணுமாம்" என்று வருத்தப்பட்டான். நானும் அடப்பாவமே என்றேன். எனக்கும் நடிக்க வருகிறது.

ஆனால் உன் மருமகன் சும்மா இருக்கிற ஆளா? கிடைத்த இரும்புத் தகட்டில் கையாலேயே துளை போட்டுப் பார்த்தான். எஞ்சினை இறக்குவதும் ஏற்றுவதுமாக ஒரு வாரம் போனது. எஞ்சினின் மையமும் கியர்பாக்ஸின் மையமும் நேராகச் சேரவில்லையாம், தகடு விரிசல் விட்டுவிட்டது. ஸ்பிரிதோன் வந்து நின்றுகொண்டு, "எல்லாரும் ஆத்துல மீன் பிடிப்பாங்க, நீ லாரி பிடிச்சிருக்கே" என்று கிண்டல் செய்தார். "உட்காருங்க, வறுத்துத் தரேன்" என்றான் இவன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் சிரித்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே போய் அழுதேன்.

ஆற்றிலிருந்து அறுத்து வந்து முற்றத்தில் அடுக்கியிருக்கும் ஐஸ் கட்டியை உருக்கித்தான் தேநீர் போடுகிறேன். அத்தானை விழுங்கிய ஆற்றைத்தான் குடிக்கிறோம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பு வருகிறது. நினைத்துக்கொண்டே குடிக்கிறேன்.

கதவுகளை மட்டும் முடித்துவிட்டான். கீலில் ஆணிக்குப் பதிலாக இழுத்தால் கையோடு வரும் இரும்பு ஊசி வைத்திருக்கிறான். அதை உருவினால் கதவு முழுசாகக் கழன்று விழுகிறது. "நீ ஒருவாட்டி இழுத்துப் பாரும்மா" என்று என்னை ஏற்றி உட்காரவைத்தான். இழுத்தேன். கதவு விழுந்த சத்தத்தில் மாடுகள் கத்தின. கூரையிலும் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வெட்டி மூடி போட்டிருக்கிறான். இந்தப் பாழாய்ப்போன லாரியில் இவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறானே என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. சொல்லவில்லை.

இப்போது நாலைந்து நாளாகக் கொட்டகையில் சுத்தியல் சத்தம் இல்லை. அடுப்பையும் அணைத்துவிட்டான். முகம் மழித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறான். சலித்துவிட்டது போல. எனக்கு அது போதும். நீ அப்படியே இரு.

அக்கா


சிர்தாக்
மார்ச் கடைசி

நியூர்குன்,

அந்தத் தட்டைக் கடைந்து கொடு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே கடை. முன்னால் எழுதியதையெல்லாம் அடுப்பில் போடு.

அவனுக்குச் சலித்துப்போகவில்லை. சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னான், போர்முனைக்கு ஒப்பந்தத்தில் ஆள் எடுக்க வருகிறார்களாம், பாதை மூடுவதற்கு முன்னால் ஒரு வண்டி கிளம்புகிறதாம், அதில் போகிறானாம். நான் கையிலிருந்த மீனைக் கீழே போட்டுவிட்டேன். ஸ்பிரிதோன் மகன் போன வருஷம் அப்படித்தான் போனான். திறக்கக் கூடாது என்று சொல்லிப் பெட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த மனிதர் இன்னும் ஊரெல்லாம் கிண்டல் பேசிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார். அவர் வீட்டுக்குள் எப்படி இருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

"ஆத்துக்குப் பயந்து காப்பாத்தினது உன்னை நெருப்புல போடவாடா?" என்று கத்தினேன். அவன் கத்தவில்லை. "ஆத்துலயும் விடமாட்டே, அங்கயும் விடமாட்டே. இந்த ஜன்னல்கிட்ட உட்கார்ந்து, அந்தக் கயித்தை நான் தேடியிருக்கணும், தேடியிருக்கணும்னு நினைச்சுக்கிட்டே கிடக்கவாம்மா?" என்றான். தம்பி, ஒரு வருஷமாக ஒரே கூரையின் கீழே இருக்கிறோம். அவன் மனசில் இது ஓடுவது எனக்குத் தெரியவில்லை. நான் என் துக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

லாரி ஓடினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "ஓடினா எனக்கு எதுக்கும்மா துப்பாக்கி?" என்றான். கடைக்காரி அக்கரையிலிருந்து மாவு மூட்டை ஏற்றிவரச் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு நடை போய்வந்துவிட்டால் கோடை முழுக்கக் காட்டிலிருந்து விறகு இழுக்கும் வேலை இருக்கிறது. ஒரே ஒரு தடவை அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் போதும், கையெழுத்துப் போடமாட்டேன் என்று அப்பா மேல் சத்தியம் செய்திருக்கிறான். அடுத்த குளிர்காலத்தில் தாண்டேன்டா என்று காலில் விழாத குறையாகக் கேட்டுவிட்டேன். அது வரைக்கும் தாங்கமாட்டேன் என்கிறான். முகத்தைப் பார்த்தால் பொய்யாகத் தெரியவில்லை.

நீ பிப்ரவரியிலேயே கடைந்து கொடுத்திருந்தால், வீடு கட்டலாம் போல ஆறு இறுகிக் கிடந்த நேரத்தில் போய்வந்திருப்பான். இப்போது மதியத்தில் ஐஸ் மேல் தண்ணீர் நிற்கிறது. பாரவண்டிகள் ஒன்றுக்கொன்று தூரம் விட்டுத்தான் போகின்றன. காலத்தைக் கடத்தச் சொன்னது நான். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. இதை நீ மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது, பின்னால் எது நடந்தாலும்.

தட்டை யாரிடமும் கொடுத்தனுப்பாதே, நீயே கொண்டு வா. மாமனும் மருமகனுமாகச் சேர்ந்து மாட்டுங்கள். அவன் கேட்டால் லேத் சரியாகிவிட்டது என்று சொல், வேறொன்றும் சொல்லாதே. ஐஸ் கெட்டியாக இருக்கும் விடியற்காலையில் கிளம்பலாம். நீ கரையில் நில். நான் அவனோடு போகிறேன். இன்னும் அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்பான். ஏறி உட்கார்ந்துவிட்டால் என்னை யார் இறக்குவது? அத்தான் உட்காராத பக்கம் உட்காருவேன். என் கதவு ஊசியை எப்படி உருவுவது என்று எனக்குத் தெரியும், அவனே சொல்லிக் கொடுத்ததுதான்.

கிளம்பும்போது அடுப்புத் தீக்கு ஒரு அலாஜி அப்பம் சுட்டுப் போட்டுக் கும்பிடுவேன். போன வருஷமும் போட்டேன். இருந்தாலும் போடுவேன். பசுக்களுக்கு இரண்டு நாள் வைக்கோல் எடுத்து வைத்துவிட்டுத்தான் வருவேன். சாவி வழக்கமான இடத்தில் இருக்கும். நெற்றியில் வெள்ளை உள்ளவள் அடுத்த மாதம் கன்று போடுவாள். அவளுக்கு முதல் ஈற்று, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

நீயும் உன் பிள்ளைகளும் நன்றாக இருங்கள், என் கண்ணே. வரும்போது மறக்காமல் கயிறு வாங்கி வா. இங்கே கிடைப்பது குளிரில் அறுந்துவிடுகிறது. இரண்டு கதவுக்கும் வேண்டும். விலை பார்க்காமல் நல்ல கயிறாக வாங்கி வா.

உன் அக்கா
மத்ரியோனா