கணக்குப் பரீட்சை நாளில் அரை மணி நேரம்

அனுப்புநர்:
லூ குயிஃபென்,
பயறுக் கஞ்சி வண்டி,
இரண்டாம் உயர்நிலைப் பள்ளி எதிரில்,
பெய்தான்.

பெறுநர்:
தேர்வுப் பிரிவு இயக்குநர் அவர்கள்,
கல்வி அலுவலகம்,
பெய்தான்.

பொருள்: கணிதத் தேர்வன்று பள்ளி வாசல் ஒலிபெருக்கியை அரை மணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. கல்லூரி நுழைவுத் தேர்வில் ஜூன் ஏழாம் தேதி மாலை ஐந்து மணிக்குக் கணக்குப் பரீட்சை முடியும். பிள்ளைகள் தூக்கத்தில் நடப்பவர்கள் போல் வெளியே வருவார்கள். என் வண்டி நிற்கும் மரத்தடியில் கூடி, உனக்கு என்ன விடை, எனக்கு என்ன விடை என்று கேட்டுக்கொள்வார்கள். சைன், காஸ் என்பதெல்லாம் எனக்கு நான் போகாத ஊர்களின் பெயர் மாதிரி இருக்கும்.

3. 2021இல் என் ஒரே மகள் ஹான் மியாவும் அங்கே நின்றாள். "கடைசிக் கணக்குல மைனஸ் வருதுடி" என்றாள். அவள் தோழி, "உனக்கு எதுலதான் மைனஸ் வரல? அத்தை, இவளுக்கு அரைக் கிண்ணம் குறைச்சே ஊத்துங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் நிரப்பித்தான் ஊற்றினேன். ஜூன் இருபதாம் தேதி அவளை லாரி அடித்துவிட்டது. நான்கு நாள் கழித்து மதிப்பெண் வந்தது, கணக்கில் 150க்கு 131. மைனஸா இல்லையா என்பது அதில் இல்லை.

4. அதன்பின் ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். எந்தக் குரல் எந்தப் பிள்ளையுடையது என்று தெரியாது. அப்போது அவளும் அந்தக் கூட்டத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பாள்.

5. இந்த ஆண்டு வாசலில் ஒலிபெருக்கி வைத்து, விடைகளை ஒப்பிடாதீர்கள், கலைந்து செல்லுங்கள் என்று ஓயாமல் சொன்னார்கள். ஒரு குரலும் என் காதில் விழவில்லை. பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்கள்.

6. போன வருஷம் ஒரு பெண் விடை ஒத்துப்போகாமல் அழுது, மறுநாள் பரீட்சைக்கே வரவில்லை. அதனால்தான் இப்படி என்று காவலாளி சொன்னார். நியாயந்தான். அவள் என் வண்டிப் பக்கத்தில்தான் அழுதாள். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். இனி திறந்தே வைத்திருப்பேன்.

7. ஆகவே, அடுத்த ஆண்டு கணக்குப் பரீட்சையன்று, விடைப் பேச்சைக் கேட்க விரும்பாத பிள்ளைகளைக் கிழக்கு வாசல் வழியாக அனுப்பிவிட்டு, ஐந்து மணி முதல் ஐந்தரை வரை ஒலிபெருக்கியை நிறுத்தித் தருமாறு வேண்டுகிறேன். யாராவது ஒரு பிள்ளை மைனஸ் என்று சொல்லும். அதற்குக் கிண்ணத்தை நிரப்பி ஊற்ற வேண்டும்.

இடம்: பெய்தான்
நாள்: 12.06.2024

பணிவுடன்,
லூ குயிஃபென்
(ஹான் மியாவின் தாய்)