நாலாவது வீடு

ஹார்லெக்,
மார்ச் 9

அன்பு மகள் லோரிக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அண்ணன் கெத்தின், அண்ணி மனோன், பிறந்து மூன்று நாளான குட்டி நெஸ்ட், நான், எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் மழைக்கு முன்பே வலித்து விடுகிறது. அபர்தீன் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஒரே வாரத்தில் மூன்று வீட்டில் பயிற்சி மருத்துவச்சியான என்னிடம், எங்கள் குழந்தையைத் தொட வேண்டாம் என்றார்கள், படிப்பை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். பத்து நாளாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். இனி எழுதாமலிருக்க முடியாது, ஏனென்றால் நேற்று நாலாவது வீடு நம்முடையதாகிவிட்டது. குழந்தையைத் தலைமுதல் கால்வரை பரிசோதிக்க மருத்துவச்சி எய்ர்வென் வந்தார், கூடவே ஹெலெத் என்று ஒரு மாணவி, உன் வயதுதான். இவள் பார்க்கலாமா என்று அவர் கேட்டதும், மனோன் வாயைத் திறக்குமுன் நான், அனுபவமுள்ள நீங்களே பார்த்துவிடுங்களேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் பரவாயில்லைங்க என்று கதவுப் பக்கம் நகர்ந்தாள். மனோன் கட்டிலிலிருந்தே, ஏன் மாமா, உங்க லோரி மட்டும் கத்துக்க கடையிலயா பிள்ளை வாங்கிட்டு வர்றா, நீ வாம்மா, இது என் பிள்ளை என்றாள். வெட்கத்தில் என்னால் தலை நிமிர முடியவில்லை.

ஹெலெத் தேநீர்க் கெண்டியைப் பிடித்துக் கை இரண்டையும் சூடேற்றிக்கொண்டாள். தலையில் தொடங்காமல் நேரே குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். வரைபட அலுவலகத்தில் முப்பது வருஷம் இடமிருந்து வலமாகவே சரிபார்த்தவன் நான், வரிசை தப்புகிறதே என்று முணுமுணுத்துவிட்டேன். அழ ஆரம்பிச்சா இதயம் கேக்காது தாத்தா, அதான் தூங்கறப்பவே என்றாள். பிறகு கண், வாய், முதுகு. கடைசியில் இடது தொடையை மெல்ல விரித்தவள் கையை நிறுத்தினாள். இடுப்புல ஏதோ நழுவற மாதிரி பட்டுது, தப்பாவும் இருக்கலாம் என்றாள். எய்ர்வென் தொட்டுப் பார்த்துவிட்டு, தப்பில்ல, எனக்கும் படுது, நல்லவேளை இப்பவே தெரிஞ்சுது என்றார். இனி ஸ்கேன் எடுப்பார்கள். தேவைப்பட்டால் சில வாரம் இடுப்பைப் பிடித்துவைக்க மெத்தென்ற வார் கட்டுவார்களாம், பிறகு எல்லாக் குழந்தைகளையும்போல ஓடுவாளாம். மனோன் கொஞ்சம் அழுதாள், பிறகு அந்தப் பெண்ணுக்குக் கேக் வெட்டிக் கொடுத்தாள்.

தப்பாக இருக்குமோ என்ற பயத்தில் நான் சொல்லாமல் விட்டவை அநேகம், லோரி. ஹெலெத்துக்கும் அதே பயம் இருந்தது, அதையும் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியதையும் சொன்னாள். ஆகவே வந்துவிடாதே. இதை யோசித்துத்தான் எழுதுகிறேன், கிழிக்கப்போவதில்லை.

உன் கைக்கு எல்லா நலமும் வரட்டும். குழந்தையைத் தொடுமுன் கையைச் சூடாக்கிக்கொள்ள மறக்காதே. எந்த வீட்டிலாவது ஒரு கிழவன் குறுக்கே பேசினால் அவன் பயந்திருக்கிறான் என்று வைத்துக்கொள். அவனை விட்டுவிட்டுத் தாயைக் கேள்.

என்றும் உன் அப்பா,
எம்ரிஸ்