நடைகல் இடுக்கில் பொடுதலை

ராத்தா,

இந்த மடலில் மூன்று விஷயங்கள். ஒழுங்காகச் சொல்லி முடிப்பேனா என்பது சந்தேகம்.

1. நம் இரு வீட்டுக்கும் நடுவே பதித்த கற்களின் இடுக்கில் பொடுதலைக் கொடி வந்த விதம்.
2. அதில் இன்னும் எனக்குப் பிடிபடாதது.
3. நீங்கள் மவுத்தாகி அடக்கமான பிறகு அந்தப் பாதையில் நடக்க ஆளில்லாமல் போனது.

இன்று மழை விட்டதும் பின்கதவைத் திறந்தேன். இடுக்கெல்லாம் பூ. மிளகளவு கருஞ்சிவப்புத் தலை. அதைச் சுற்றி வெண்பூக்களின் வளையம். அரிசியிலும் சிறிய பூ, அதையும் தேடித் தேனீ வருகிறது. குனிந்தவன் நிமிர மறந்து நின்றேன்.

உங்கள் முழங்கால் வலிக்காகத்தான் அந்தச் சரிவில் கற்களைப் பதித்தேன். இடையில் சீமெந்து பூச நினைத்தபோது தடுத்தீர்கள்.

"சீமெந்தி வாணாம் தம்பி, வெயில்ல கால் சுடும். பச்சையா ஏதாச்சும் வை."

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியிலிருந்து கொடி கொண்டுவந்தேன். மண்ணையும் மணலையும் சலித்து நிரப்பி, துண்டு துண்டாக நட்டேன். வேர் பிடிக்கும்வரை யாரும் மிதிக்கக்கூடாதென்று கயிறும் கட்டினேன். நீங்கள் ஒரு நாள்தான் வீதியால் சுற்றி வந்தீர்கள். மறுநாள் புட்டுக் கோப்பையோடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றீர்கள்.

"எண்ட தம்பிட வூட்டுக்கு வர எனக்கு விசா வேணுமா?"

"செடி செத்துப்போகும் ராத்தா."

"செத்தா வேற நடு. புட்டு ஆறுது."

செடி சாகவில்லை. உங்கள் பாதம் பட்ட இடத்தில் தண்டு ஈரமண்ணில் அழுந்தி, கணுவுக்குக் கணு வேர்விட்டது. மிதிபடாத ஓரத்துக் கொடியோ பிடிப்பில்லாமல் நீண்டு, பூக்க மறந்து கிடந்தது. பாரத்தைத் தாங்கும் செடிகள் உண்டென்று படித்திருக்கிறேன். பாரம் விழுந்த இடத்திலேயே வேரூன்றிப் பூக்க இதற்கு யார் கற்றுக்கொடுத்தது? சுப்ஹானல்லாஹ் என்பதற்கு மேல் எனக்குச் சொல் வரவில்லை.

மூன்றாவதை எழுதத்தான் கை தயங்குகிறது. துக்கத்திலிருக்கும் உங்கள் மகளிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் நான் அங்கே போகவில்லை. அவளும் வரவில்லை. இரு வீடும் இப்படியே அந்நியமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு ஜன்னலால் பார்த்தேன். கற்களின் நடுவே கொடி இன்னும் மண்ணோடு ஒட்டித்தான் கிடக்கிறது. யாரும் மிதிக்காவிட்டால் இதற்குள் தலைதூக்கியிருக்க வேண்டுமே என்று யோசிக்கும்போதே, செருப்பைக் கையில் பிடித்தபடி உங்கள் மகள் அதன்மேல் நடந்து வந்தாள்.

"மாமா, கதவத் திறங்க. எந்த நாளும் பகல்ல வந்து பாக்கிறேன், நீங்க குறட்டை. எழுப்ப மனசு வரல்ல. எங்கட பக்கம் எட்டியும் பாக்க மாட்டீங்களா? கோவமா?"

மூன்றாவதாக எழுதியது பிழை, ராத்தா. அந்தப் பாதையில் நடக்காதிருந்தவன் நான் மட்டும்தான்.