மேல்பக்கத்து ஈயம்

இன்று காலை மேல்மலைக் கவுஞ்சி ஊர்க்காரர் ஒருவர், காட்டுமாடு வந்தால் கத்தும் அலாரப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். மூடியில் பெயின்ட்டில் உன் பெயர். உள்ளே பழைய ஈயத்தில் சால்டரிங் அயர்னை வைத்ததும் பேஸ்ட் புகை மூக்கில் ஏறியது. கொடைக்கானலில் நாம் இருவரும் சேர்ந்து நடத்திய அந்த ஈரக் கடையின் நாற்றம். உன் கருமாதிக்குக்கூட வராத என்னை அது மறுபடி உன் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டது.

இரண்டு பக்கமும் செம்பு ஒட்டிய தகட்டில் கோடுகளை நாமே வரைந்து, அமிலத்தில் அரித்து, துளை போடுவோம். கம்பெனி சர்க்யூட் போர்டில் துளைக்குள்ளேயும் செம்பு ஓடி இரண்டு பக்கத்தையும் இணைக்கும். நம்முடையதில் ஓடாது. அதனால் துளையில் இறங்கும் ஒவ்வொரு கால்கம்பியையும் கீழேயும் மேலேயும் பற்றவைத்தாக வேண்டும். ஐ.சி. சில்லு உட்காரும் சாக்கெட்டைக் கொஞ்சம் தூக்கி வைத்தால்தான் மேல்பக்கம் அயர்ன் முனை நுழையும். மதுரையில் எம்.எஸ்சி. முடித்த நான் இதைச் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும்.

"ஏலே, உன் சாக்கெட்டு கொக்கு மாதிரி நிக்குது. இத எவன் வாங்குவான்?"

நீ வைப்பதைத் தகட்டோடு அமுக்கி வைப்பாய். பார்க்க அழகு. மேல்பக்கம் ஈயமே இருக்காது. கால் செம்பைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும்.

கடையில், ஹீட்டர் பக்கத்தில், எல்லாம் ஓடும். மேல்மலையில் உறைபனி விழும்போது உலோகம் சுருங்கி, தொட்டது விட்டுப்போகும். ஒரு மார்கழியில் அதுதான் நடந்தது. இன்று வந்த இதே மனிதரின் கேரட் காட்டில் மாடுகள் இறங்கின, அலாரம் வாய் திறக்கவில்லை. காலையில் அவர் வந்து நின்றபோது, நீ என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாய்: "சால்டரிங் பூரா இவருதாங்க. நான் வெறும் டிசைன்தான்."

டிசைன் என்னுடையது. அந்தப் போர்டைப் பற்றவைத்தது நீ. நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அதற்குப் பிறகு மேல்மலையில் யாரும் என்னை நம்பி ஒரு பெட்டியும் தந்ததில்லை.

இன்றைக்கும் அவர் பேச்சு மாறவில்லை. "பங்குனியில நல்லா கத்துதுங்க. மார்கழியானா தூங்கிருது. அவரும் போயிட்டாரு. பத்தவச்சது நீங்கதான, நீங்களே பாத்துக் குடுங்க."

போர்டைத் திருப்பிக் காட்டினேன். அமுக்கிய சாக்கெட், கீழே மட்டும் ஈயம். இது அவன் கைவேலை என்றேன்.

"செத்தவுக மேல எதுக்குங்க பழி? வெரசா முடிங்க, பஸ்ஸு போயிரும்."

அப்படியே மூடிக் கொடுத்திருக்கலாம். உன் பெயரைச் சுமந்துகொண்டு குளிரில் அது ஊமையாகக் கிடக்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மேல்பக்கம் பற்றவைக்காத போர்டின் மீது மூடி போட என் கைக்குத் தெரியவில்லை. சாக்கெட்டைப் பிடுங்கி, தூக்கி நிறுத்தி, இரண்டு பக்கமும் ஈயம் வைத்தேன். பக்கத்து ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசரில் வைத்துப் பார்த்தேன். கத்தியது.

அவர் உள்ளே எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "அவரு வச்சது எம்புட்டு அழகா இருந்துச்சு. இப்படி நட்டமா நிக்க வச்சிட்டீங்களே."

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. இந்த மார்கழியில் அது கத்தும். கவுஞ்சியில் மூடியைப் பார்த்து உன்னைத்தான் புகழ்வார்கள். உள்ளே கொக்கு மாதிரி நிற்பது என் சாக்கெட். அதைப் பார்த்தவுடன் யார் கை என்று சொல்லக்கூடியவன் நீ ஒருவன்தான். நீயும் போய்விட்டாய்.